வலி நீக்கும் மருந்தும் உறக்க மருந்தும்: டாக்டர்களின் தொடர் கல்வி

மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்தசௌர் மாவட்டங்களிலும், இராஜஸ்தானத்தின் சித்தோர்கட் பகுதியிலும், தை, மாசி மாதங்களில் கசகசாச் செடிகள் பூத்துக் காய்க்கின்றன. உரிமம் பெற்ற உழவர்கள் பசுங்காய்களைக் கீறி விடுகின்றனர். இரவில் கசிந்து உறையும் பாலை மறுநாட் காலையில் சுரண்டிச் சேர்க்கின்றனர். இதுவே அபினியாகும். குவாலியரில் தலைமை நிலையம் கொண்ட மத்திய அரசாங்கத்தின் போதைப்பொருள் செயலகம் இச்சாகுபடிக்கு உரிமம் வழங்கி, விளைந்த அபினி முழுவதையும் கொள்முதல் செய்கிறது. 1820ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட காஜிப்பூர் ஆலையும் நீமச் ஆலையும் அதனைப் பக்குவம் செய்கின்றன. ஒரு பகுதி அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது; மற்றொரு பகுதியிலிருந்து மார்ஃபின், கோடீன் முதலிய மருந்துப் பொருள்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன.

இவ்வாறு உலகின் வலி நீக்கும் மருந்துகளுக்கு மூலப்பொருள் அளித்து வரும் நாட்டில், முற்றிய புற்றுநோயால் துன்புறும் நோயாளிகளிற் பலருக்கு ஒரு மார்ஃபின் மாத்திரையும் கிட்டாத நிலை நெடுங்காலம் நிலவி வந்தது. இன்றும் அது முற்றிலும் நீங்கவில்லை. இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. மத்திய சமூக நீதி அமைச்சகத்திற்காக டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பேர் அபினி வகைப் பொருள்களை உட்கொள்கின்றனர். நூற்றுக்கு ஒருவர், டாக்டரின் அறிவுரையின்றி, உறக்க மருந்துகளை உட்கொள்கின்றனர்.

ஆகவே, தேவைப்படுவோருக்கு மருந்து இல்லை. தேவையற்றோர் கையில் மருந்து உண்டு. இவ்விரு குறைகளும் ஒரே நாட்டில், சில வேளைகளில் ஒரே தெருவில், அடுத்தடுத்து நிற்கின்றன. சட்டத்தினால் மட்டும் இவற்றைத் தீர்த்துவிட முடியாது. மருந்துச் சீட்டு எழுதும் டாக்டர் இம்மருந்துகளின் இயல்பை ஐயமறக் கற்றிருத்தல் வேண்டும். கல்லூரியை விட்டு நீங்கிய பின்னரும் அவர் கற்பதற்கு ஏற்பட்டதே தொடர் மருத்துவக் கல்வி. இக்கல்வி எவற்றைப் புகட்டுகிறது என்பதையும், களப் பணியாளரும் ஆசிரியரும் அதில் அறிய வேண்டியன யாவை என்பதையும் கீழே காண்போம்.

மார்ஃபின் உடலில் செய்யும் வேலை

அபினியிலிருந்து மார்ஃபினை முதன்முதலிற் பிரித்தெடுத்தவர் செர்ட்டியூர்னர் என்னும் ஜெர்மானிய மருந்தாளர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இதனைச் செய்தார். அபினியில் மார்ஃபினின் அளவு ஒரு வயலுக்கும் மற்றொரு வயலுக்கும் மாறுபடும். தனியே பிரித்தெடுத்த பின்னரே, இத்தனை மில்லிகிராம் என்று நிறுத்துக் கொடுக்க வழி பிறந்தது.

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பணுக்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் என்னும் நுண்ணிய அமைப்புகள் இருக்கின்றன. வலியைத் தணிக்க உடல் தானே சுரக்கும் சில பொருள்கள் இவற்றிற் பொருந்துகின்றன. மார்ஃபினும் அதே ஏற்பிகளிற் பொருந்தி, அடிபட்ட இடத்திலிருந்து தண்டுவடத்தின் வழியே மேலேறும் வலிச் செய்தியை அடக்குகிறது. இதே ஏற்பிகள் குடலிலும் இருப்பதால் மலச்சிக்கல் உண்டாகிறது. மூளையில் வாந்தியைத் தூண்டும் இடத்தில் மருந்து படுவதால் முதற் சில நாட்களில் குமட்டல் தோன்றுகிறது. கண்ணின் பாவை ஊசி முனை போற் சுருங்குகிறது.

இவை யாவற்றினும் கவனிக்கத்தக்கது சுவாசத்தின் மீது மருந்து செய்யும் வேலையாகும். இரத்தத்தில் கரியமில வாயு மிகுந்தால், மூளையின் அடிப்பாகமான முகுளத்தில் உள்ள சுவாச மையம் அதனை உணர்ந்து மூச்சை விரைவுபடுத்துகிறது. மார்ஃபின் இவ்வுணர்வை மழுங்கச் செய்கிறது. அளவு மிகுந்தால் மூச்சு நிமிடத்திற்குப் பத்து, எட்டு, ஆறு எனக் குறைந்து, இறுதியில் நின்றுவிடவும் கூடும்.

எனினும் இந்த அபாயம் திடீரென்று வருவதன்று. வலியுள்ள நோயாளிக்குச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்திக் கொடுக்கும்போது, முதலில் மயக்கம் போன்ற தூக்கம் வருகிறது. அதன் பின்னரே மூச்சுக் குறைகிறது. தூக்கக் கலக்கத்தைக் கண்டவுடன் அளவைக் குறைத்தால் விபத்து நேராது. வலியும் சுவாச மையத்தை ஓரளவு தூண்டிக்கொண்டே இருப்பதால், கடும் வலியுள்ளவருக்கு ஏற்ற அளவு, வலியில்லாதவருக்கு மிகையாகிவிடும். ஒருவருக்கு எழுதிய மாத்திரையை மற்றொருவர் உண்ணலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

இங்கு மூன்று சொற்களை வேறுபடுத்தி அறிதல் அவசியம். நாளடைவில் அதே பலனுக்குக் கூடுதல் அளவு தேவைப்படுவது தாங்குதிறன். பல வாரங்கள் உட்கொண்ட மருந்தைத் திடீரென நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப் போக்கு, நடுக்கம் முதலியன உண்டாவது உடற்சார்பு. கேடு விளையும் என்று அறிந்தும் மருந்தை நாடி அலைந்து, தன் வாழ்வை அதற்கு அடகு வைப்பதே அடிமை நிலை. முதல் இரண்டும் உடலின் இயல்பான மாறுதல்கள். நெடுநாள் மருந்துண்ணும் எவருக்கும் நேரக்கூடியவை. மூன்றாவது ஒரு நோய். இவற்றைக் குழப்பிக்கொள்வதால் விளையும் கேடு பெரிது. வலி குறையவில்லையே என்று கூடுதல் மருந்து கேட்கும் புற்றுநோயாளியை அடிமை என்று கருதி மறுத்து அனுப்புவது இக்குழப்பத்தின் பயனே.

அச்சத்தால் நேர்ந்த கேடு

1985ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் போதைப்பொருள் மற்றும் மனநிலையை மாற்றும் பொருள்கள் சட்டத்தை நிறைவேற்றியது. கள்ளக் கடத்தலைத் தடுப்பதே அதன் நோக்கம். தண்டனைகள் கடுமையானவை, பல குற்றங்களுக்குப் பத்தாண்டுச் சிறை குறைந்தபட்சமாக விதிக்கப்பட்டது. மருத்துவ உபயோகத்தைச் சட்டம் தடை செய்யவில்லை. ஆயினும் மார்ஃபினைப் பெறுவதற்கும், வைத்திருப்பதற்கும், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்குக் கொண்டு செல்வதற்கும் தனித்தனி உரிமங்கள் தேவைப்பட்டன. ஒரு துறையின் உரிமம் வந்து சேர்வதற்குள் மற்றொரு துறையின் உரிமம் காலாவதியாகிவிடும். கணக்கில் நேரும் சிறு பிழையும் சிறைக்கு வழியாகுமோ என்று அஞ்சி, மருந்தகங்களும் மருத்துவமனைகளும் மார்ஃபினை வைத்திருப்பதையே கைவிட்டன.

இதன் விளைவாக, அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் உபயோகம் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் குறைந்து போயிற்று. இதைவிட நீடித்த கேடு ஒன்றும் நிகழ்ந்தது. இக்காலத்தில் கல்லூரியிற் பயின்ற மாணவர்களிற் பலர், ஒரு நோயாளிக்கு மார்ஃபின் கொடுப்பதைக் கண்ணாற் கண்டதில்லை. அவர்களே பின்னர் ஆசிரியர்களாயினர். தாம் காணாததை அவர்கள் எவ்வாறு கற்பித்தல் இயலும்?

இந்நிலையை மாற்றக் கேரளத்தில் முயற்சிகள் தோன்றின. 1993இல் கோழிக்கோட்டில் வலி மற்றும் துயர் தணிப்புச் சங்கம் நிறுவப்பட்டது. மயக்க மருந்து நிபுணரான டாக்டர் எம். ஆர். இராஜகோபால் முதலியோர் இதில் முன்னின்றனர். தொண்டர்கள் வீடு தேடிச் சென்று நோயாளிகளைக் கவனித்தனர். வாய்வழி மார்ஃபின் ஒழுங்கான கணக்குடன் வழங்கப்பட்டது. முறையாகக் கையாண்டால் மருந்து கள்ளச் சந்தைக்குப் போகாது என்பது அனுபவத்தில் தெளிவாயிற்று. 2008இல் கேரள அரசாங்கம் துயர் தணிப்புச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது.

2014ஆம் ஆண்டில் பாராளுமன்றம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தியது. இன்றியமையாத போதை மருந்துகள் என்னும் புதிய பிரிவு உண்டாக்கப்பட்டு, மார்ஃபின், கோடீன், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் 2015இல் அதில் அறிவிக்கப்பட்டன. பல உரிமங்களுக்குப் பதிலாக, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும் என்றாயிற்று. இத்தகைய அங்கீகாரம் பெறும் மருத்துவ நிலையத்தில், வலி தணிப்பிலோ அபினி வகை அடிமை நோய்ச் சிகிச்சையிலோ பயிற்சி பெற்ற டாக்டர் இருக்க வேண்டும். வரவு செலவுக் கணக்கு ஒழுங்காக எழுதப்பட வேண்டும். இவ்வாறு, முன்பு உரிமத்தாள் நின்ற இடத்தில் இப்போது டாக்டரின் பயிற்சி நிற்கிறது.

அலட்சியத்தால் நேர்ந்த கேடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவம் இதற்கு நேர் எதிரானது. 1980இல் அங்குள்ள புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதம் வெளியாயிற்று. மருத்துவமனையில் தங்கி அபினி வகை மருந்து பெற்ற 11,882 நோயாளிகளில், புதிதாக அடிமைப்பட்டவர்கள் என்று தெளிவாகப் பதிவானோர் நால்வரே என்று அது கூறியது. இவர்கள் செவிலியர் கண்காணிப்பில் மருந்து பெற்ற உள்நோயாளிகள். மாதக் கணக்கில் வீட்டில் வைத்து மாத்திரை உண்போரைப் பற்றி அக்கடிதம் ஏதும் கூறவில்லை.

ஆயினும் வலிக்காக மருந்துண்போர் அடிமைப்படுவது அரிது என்பதற்கு ஆதாரமாக அது மீண்டும் மீண்டும் எடுத்துக் காட்டப்பட்டது. 1996இல் ஆக்ஸிகோடோனின் நீடித்துச் செயற்படும் மாத்திரை ஒன்று சந்தைக்கு வந்த பின்னர், நிறுவனங்களின் விற்பனைப் பிரசாரமும் இதனோடு சேர்ந்துகொண்டது. முதுகு வலிக்கும் பல் வலிக்கும் கூடத் தாராளமாக எழுதப்பட்ட மாத்திரைகளால் பல்லாயிரக் கணக்கானோர் அடிமைப்பட்டனர். மூச்சடங்கி இறந்தோரும் பலர். அக்கடிதத்தை மேற்கோளாகக் காட்டிய 608 கட்டுரைகளை ஆராய்ந்த நிபுணர்கள், அவற்றில் நூற்றுக்கு 72 கட்டுரைகள் அதனை அடிமை நிலை அரிது என்பதற்குச் சான்றாகக் காட்டியிருந்தன என்று 2017இல் வெளியிட்டனர்.

கேடு முற்றிய பின்னரே அந்நாடு டாக்டர்களின் கல்வியை நாடிற்று. 2012இல், நீடித்துச் செயற்படும் அபினி வகை மருந்துகளைத் தயாரிப்போர் டாக்டர்களின் தொடர் கல்விக்குப் பொருளுதவி செய்ய வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2018இல் இது பிற அபினி வகை வலி மருந்துகளுக்கும் விரிக்கப்பட்டது. 2023 ஜூன் மாதம் முதல், கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்துகளை எழுத உரிமம் வேண்டும் டாக்டர்கள், போதை நோய்களைப் பற்றி எட்டு மணி நேரப் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும் என்று சட்டமாயிற்று.

இந்தியாவில் அச்சமும், அமெரிக்காவில் அலட்சியமும் கேடு செய்தன. ஆனால் மூலம் ஒன்றே: மருந்தை நேரில் அறியாமல் பிறர் சொல்லை நம்பியது.

உறக்க மருந்துகள்

1960இல் குளோர்டயஸிபாக்ஸைடு, 1963இல் டயஸிபாம் என்னும் மருந்துகள் சந்தைக்கு வந்தன. இவற்றைக் கண்டவர் லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் இரசாயன நிபுணர். அதற்கு முன் வழங்கிய பார்பிட்டுரேட் மருந்துகளைக் காட்டிலும் இவை அபாயம் குறைந்தவை என்பதால் விரைவிற் பரவின. அல்பிரஸோலம், குளோனஸிபாம், லோரஸிபாம் ஆகியவை இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. நரம்புகளின் கிளர்ச்சியை அடக்க மூளையில் இயற்கையாகச் சுரக்கும் காபா என்னும் பொருளின் வேலையை இவை மிகுதிப்படுத்துகின்றன. வலிப்பு, கடும் பதற்றம், அறுவைச் சிகிச்சைக்கு முந்திய அச்சம் ஆகியவற்றில் இவை மிகவும் பயனுள்ளவை.

உறக்கத்திற்காக நாள்தோறும் உட்கொள்ளும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. சில வாரங்களிலேயே மூளை இவற்றிற்குப் பழகிவிடுவதால் உறக்கம் பழையபடி கெடுகிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலோ, உறக்கமின்மை முன்னிலும் கடுமையாகிறது, கை நடுங்குகிறது, சிலருக்கு வலிப்பும் வருகிறது. ஆகவே, உறக்கத்திற்காக எழுதுவதாயின் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேற்படாமல் எழுதுவதும், நெடுநாள் உண்டவருக்குச் சிறிது சிறிதாகக் குறைப்பதும் முறையாகும். முதியோரின் உடலில் டயஸிபாம் பல நாட்கள் தங்கி நிற்கும். பகலில் தடுமாற்றம், மறதி, கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிதல் ஆகியவை இதனால் நேர்கின்றன.

அபினி வகை மருந்தும் உறக்க மருந்தும் ஒன்று சேர்வதே எல்லாவற்றினும் பெரிய அபாயம். ஓர் உதாரணத்தைக் கொள்வோம். வாய்ப் புற்றுநோயுற்ற ஒரு மூதாட்டி, நான்கு மணிக்கு ஒருமுறை மார்ஃபின் உண்டு வலியின்றி இருக்கிறார். இரவில் உறக்கம் வரவில்லை என்கிறார். வீட்டில் எவருக்கோ எப்போதோ எழுதிக் கொடுத்த அல்பிரஸோலம் மாத்திரைகள் மீந்திருக்கின்றன. மகன் இரக்கத்தினால் இரண்டைக் கொடுக்கிறார். மார்ஃபின் சுவாச மையத்தின் விழிப்பை மழுக்கியிருக்கிறது. இரண்டாவது மருந்து எஞ்சிய விழிப்பையும் அடக்குகிறது. தனித்தனியே தீங்கிழைக்காத இரண்டு அளவுகள், ஒன்று கூடியதும் மூச்சை நிறுத்தப் போதுமானவை ஆகின்றன. இங்கே எவரும் தீய எண்ணத்துடன் நடக்கவில்லை. முதலில் எழுதிய டாக்டர், வீட்டில் வேறு என்ன மாத்திரைகள் உண்டு என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

மதுவும் உறக்க மருந்தைப் போன்றே வேலை செய்வதால், மார்ஃபின் உண்பவர் மதுவை அறவே விலக்குதல் வேண்டும்.

தொடர் கல்வியிற் கற்பிக்கப்படுவன

இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள், டாக்டர்கள் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை குறைந்தது 30 மணி நேரம் தொடர் கல்வியிற் பங்கு கொள்ள வேண்டும் என்று கூறின. 2019ஆம் ஆண்டின் புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் வலி தணிப்பும் இடம் பெற்றது. அதற்கு முன் பட்டம் பெற்றோருக்குத் தொடர் கல்வியே வழி.

இத்தகைய வகுப்புகளில் முதலிற் கற்பிக்கப்படுவது வலியை அளக்கும் முறையாகும். வலியே இல்லாத நிலையைச் சுழியம் என்றும், தாங்கொணா வலியைப் பத்து என்றும் கொண்டு, தன் வலி எத்தனை என்று நோயாளியைச் சொல்லச் செய்கின்றனர். 1986இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த மூன்று படிகள் அடுத்து விளக்கப்படுகின்றன. சிறு வலிக்குப் பாரசிட்டமால் போன்றவை; நடுத்தர வலிக்குக் கோடீன் போன்றவை; கடும் வலிக்கு மார்ஃபின். இயன்றவரை வாய்வழியாகவே கொடுக்க வேண்டும். புற்றுநோய் வலிக்கு, வலி வந்த பின் கொடாமல், கடிகாரப்படி கொடுக்க வேண்டும். வாய்வழி மார்ஃபினின் பலன் ஏறத்தாழ நான்கு மணி நேரமே நிற்பதால், அந்த இடைவெளியை நீட்டினால் நோயாளி ஒவ்வொரு முறையும் வலியில் வீழ்ந்து எழ வேண்டியிருக்கும்.

மார்ஃபின் எழுதும் அதே சீட்டில் மலமிளக்கியும் எழுதப்பட வேண்டும். குமட்டல் நாளடைவில் நீங்கும், மலச்சிக்கல் நீங்காது. சிறுநீரகம் பழுதுற்றவருக்கு மருந்தின் விளைபொருள் உடலில் தேங்குவதால் அளவைக் குறைத்து, இடைவெளியை நீட்ட வேண்டும். நெடுநாள் முதுகு வலி, மூட்டு வலி ஆகியவற்றிற்கு அபினி வகை மருந்து முதல் மருந்தன்று. குடும்பத்தில் அடிமை நோய் உண்டா, மதுப் பழக்கம் உண்டா என்று கேட்டறிந்த பின்னரே எழுத வேண்டும்.

டிரமடால் என்னும் மருந்தைப் பற்றியும் எச்சரிக்கை தரப்படுகிறது. மிதமானது என்று கருதி எளிதாக எழுதப்பட்டு வந்த இம்மருந்தும் அடிமைப்படுத்தக் கூடியது. அளவு மிகுந்தால் வலிப்பையும் உண்டாக்கும். 2018இல் மத்திய அரசாங்கம் இதனை 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாட்டிற்குள் கொண்டு வந்தது.

இறுதியாக நாலாக்ஸோன் பற்றிய பயிற்சி. இம்மாற்று மருந்து ஏற்பிகளிலிருந்து மார்ஃபினை அகற்றிச் சில நிமிடங்களில் மூச்சை மீட்கிறது. ஆனால் இதன் பலன் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரையே நிற்கும். மார்ஃபினோ அதற்கு மேலும் உடலில் நிற்கும். விழித்தெழுந்தவரை உடனே வீட்டிற்கு அனுப்பினால், வழியிலேயே மூச்சு மீண்டும் அடங்கக்கூடும். உறக்க மருந்துகளின் மீது நாலாக்ஸோனுக்கு யாதொரு பலனும் இல்லை.

களப் பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கன

கிராம சுகாதாரச் செவிலியரும் ஆஷா பணியாளரும் டாக்டர் காணாதவற்றைக் காண்கின்றனர். மார்ஃபின் உண்ணும் நோயாளியின் வீட்டிற்குச் செல்லும்போது, அவர் அழைத்தால் விழிக்கிறாரா, நிமிடத்திற்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்பதைக் கடிகாரம் பார்த்து எண்ணுதல் வேண்டும். வளர்ந்தவருக்கு இயல்பான அளவு 12 முதல் 20 வரை. எழுப்பியும் விழிக்காமல், மூச்சு எட்டிற்குக் குறைந்து, கண் பாவை சுருங்கியிருந்தால், மேற்கொண்டு மருந்து கொடாமல், 108 ஆம்புலன்ஸை அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மாத்திரைகள் பூட்டி வைக்கப்பட்டுள்ளனவா, எண்ணிக்கை சரியா என்று பார்க்க வேண்டும். நோயாளி இறந்துவிட்டால், மீந்தவற்றை வழங்கிய நிலையத்திலேயே ஒப்படைக்கச் சொல்ல வேண்டும். மார்ஃபின் கொடுத்தால் நோயாளி விரைவில் இறந்து விடுவார் என்று குடும்பத்தார் அஞ்சுவதுண்டு. சரியான அளவில் கொடுக்கும் மார்ஃபின் உயிரைக் குறைப்பதில்லை என்று பொறுமையுடன் எடுத்துரைப்பதும் அவர்கள் கடமை.

மருந்துக் கடைகளைப் பற்றிய விதியையும் அறிந்திருத்தல் நன்று. 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணையில் டயஸிபாம், அல்பிரஸோலம் முதலிய உறக்க மருந்துகளும் அடங்கும். டாக்டரின் சீட்டின்றி இவற்றை விற்கலாகாது. எழுதியவர் பெயர், நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மாதந்தோறும் மாத்திரை வாங்கும் முதியவரைக் கண்டால், டாக்டரிடம் மீண்டும் அழைத்துச் செல்வது நலம். அவரே திடீரென நிறுத்திவிடும்படி அறிவுரை கூறுவது தவறு.

ஆசிரியர்கள், போதை மருந்து என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் அச்சுறுத்திக் கூறாமல், மருந்தையும் அதன் தவறான உபயோகத்தையும் பிரித்து விளக்க வேண்டும். மாணவன் ஒருவனின் பாட்டி அதே மருந்தினால் வலியின்றி உறங்குபவராக இருக்கலாம். பிறர் மாத்திரையை உண்ணலாகாது, இருமல் மருந்தை விளையாட்டாகக் குடிக்கலாகாது என்பவற்றைச் சிறு வயதிலேயே உணர்த்தலாம். அடிமைப்பட்ட இளைஞனைக் குற்றவாளி என ஒதுக்காமல் நோயாளி என நடத்துதல் வேண்டும். தானே சிகிச்சைக்கு முன்வருபவருக்கு, சில வரம்புகளுக்குட்பட்டு, வழக்கிலிருந்து விலக்களிக்க 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஏ பிரிவே வழி செய்துள்ளது. 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

மருந்து ஒன்றுதான். காஜிப்பூரிலும் நீமச்சிலும் பிரித்தெடுக்கப்படும் அதே மார்ஃபின், அறிந்தவர் கையில் வலியைத் தீர்க்கிறது. அறியாதவர் கையில் மூச்சை நிறுத்துகிறது. அஞ்சியவர் கையில் பூட்டிய அலமாரியிலேயே கிடக்கிறது. இம்மூன்றில் முதலாவது நிலையை ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டாக்குவதே தொடர் கல்வியின் நோக்கமாகும்.